மகள் வரைந்த கறிச்சட்டி

காலை ஒன்பதரைக்கு அலங்காநல்லூரில் டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்குக் காசு கிடையாது. மதுரைக்குப் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். அங்கே ஒரு மண்டபத்தில் ஐந்து பெண்கள் வரைந்த படங்களை மாட்டியிருக்கிறார்கள். ஒருத்தி என் மகள் செல்வி. என்னையே வரைந்திருக்கிறாளாம், எனக்குப் பிடிக்காவிட்டால் இறக்கிவிடுவாளாம். சொந்தக்காரர்கள் கண்ணில் படுமுன் இறக்கச் சொல்லத்தான் கிளம்பினேன்.

"எங்கத்தா, தனியா?" என்றார் கண்டக்டர்.

"மக என்னைய வரைஞ்சிருக்கா. பாக்கப் போறேன்."

"ரவிவர்மா கெட்டாரு போங்க!"

பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே நடவு நடந்துகொண்டிருந்தது.

பத்தேகாலுக்குப் பெரியார் பஸ் நிலையம். ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய்.

மண்டபத்துக்குள் சத்தமே இல்லை. நெசவுக்காரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, நூல் சுற்றும் கைகளை மட்டும் வரைந்திருந்தாள், முகம் இல்லை. இன்னொருத்தி, வேலைவிட்டு பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களை வரைந்திருந்தாள். எல்லோரும் பையை நெஞ்சோடு அணைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன், நானும் அப்படித்தான் பிடித்திருந்தேன்.

கடைசிச் சுவரில் நான். எல்லோரும் சாப்பிட்டுப் போனபின் அடுப்படித் தரையில் உட்கார்ந்து, காலியான கறிச்சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டித் தின்கிறேன். படத்துக்கு முன்னால் இரண்டு கல்லூரிப் பெண்கள் நின்றார்கள்.

"பாவம்டி. ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கல பாரு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற செல்வியை ஓரமாக இழுத்தேன்.

"ஏத்தா, சட்டிச் சோறு எம்புட்டு ருசி தெரியுமா? அடிமசாலா பூரா அதுலதான் கெடக்கு. ஒருத்தருக்கும் குடுக்காம நானா வச்சுக்கிட்டது. பாவமாம்ல, பாவம்!"

செல்வி சிரித்தாள். பிறகு மெதுவாக, "கறி எடுக்காத அன்னைக்கும் நீ கடைசியாத்தானம்மா சாப்பிட்ட? சோறு பத்தாத அன்னைக்கு?" என்றாள்.



"படத்த இறக்கிரவாம்மா?" என்றாள்.

மறுபடி பார்த்தேன். படத்தில் இருப்பவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. வாய் நிறையச் சோறு.

"இருக்கட்டும். ஆனா அந்தப் பிள்ளைகள்ட்ட ருசியையும் சொல்லிப்புடு."

"நீயே சொல்லேன்."

நாலு பேர் முன்னால் நான் வாய் திறந்தவள் இல்லை. ஆனாலும் அந்தப் பெண்களிடம் போனேன்.

"தாயி, அது நாந்தான்," என்றேன்.

ருசியைச் சொன்னேன். பத்தாத நாளையும் சொன்னேன். ஊர் திரும்ப நினைத்திருந்த ஒரு மணி பஸ் போய்விட்டது.