ஓவிய வகுப்பு தடையின்றி நடைபெறுகிறது

கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்த அந்த அம்மாவுக்குக் கத்திரிக்கோல் என்று பட்டப்பெயர். துணியைக் கோணாமல் வெட்டுவதால் வந்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வாயால் வந்த பெயர் என்பது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அளவு எடுக்கும்போது யாராவது வயிற்றை எக்கி நின்றால், "மூச்சை விடுங்க சார், சட்டையப் போட்டுக்கிட்டு நாள் பூரா இப்படியேவா நிப்பீங்க?" என்று கேட்டுவிடுவாள்.

அவளுடைய ஒரே மகள் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படித்தாள். மற்ற பாடங்களில் சுமார்தான். புதன்கிழமை மட்டும் எழுப்பாமலே எழுந்து, தானே தலை பின்னிக்கொண்டு வாசலில் நிற்பாள். அன்றைக்குத்தான் ஓவிய வகுப்பு. அந்த ஆசிரியர் ஓய்வு பெற்றுப் போனார். அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. கேட்டால் நிதி இல்லை என்றார்கள். அதே மாதம் கல்வி அலுவலகத்தில் அதிகாரி அறைக்குப் புதுக் கண்ணாடிக் கதவு போட்டார்கள். அதற்கு மட்டும் நிதி எந்த வானத்திலிருந்து குதித்ததோ தெரியவில்லை.

பெற்றோர் கூடி மனு எழுதிக் கொடுத்தார்கள். "ஆள் வர்ற வரைக்கும் நாமளே பாத்துக்கலாமே. பிள்ளைங்க சும்மா இருக்கக்கூடாதில்ல?" என்றார் பெற்றோரில் ஒருவரான எலக்ட்ரீஷியன். பாட்டு ஆசிரியர் இடமும் காலியாகத்தான் கிடந்தது. அவருக்கு நல்ல குரல், பாட்டு வகுப்பை எடுத்துக்கொண்டார். ஓவியம் இவள் தலையில் விழுந்தது. அவளும் ஆசையாகத்தான் தலையைக் கொடுத்தாள்.

புதன்கிழமை மதியம் கடையை இழுத்து மூடிவிட்டுப் போவாள். பூவேலைக்குப் போடும் கொடியும் இலையும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதற்கு மேல் தெரியாது. "தூரத்துல இருக்கிற வீட்டை எப்படிம்மா சின்னதாக் காட்டறது? நான் போட்டா ஆகாசத்துல தொங்குது" என்று மகள் ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டாள். "அது அப்படித்தான், நீ இலையைப் போடு" என்று சமாளித்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது. இதைச் சொல்லிக்கொடுக்கப் படித்த ஒருத்தர் வேண்டும், நம்மால் ஆகாது என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் ஒன்று, சொன்ன தேதிக்குத் துணி கொடுத்துப் பழகியவள். ஒரு புதன்கூடத் தவறவில்லை. காய்ச்சல் அடித்த நாளிலும் போனாள். வந்த நேரம், போன நேரம் எழுதி, பள்ளிப் பதிவேட்டில் முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வெளியேறுவாள்.

ஆறு மாதம் கழித்து மனுவுக்குப் பதில் வந்தது. தலைமை ஆசிரியை அவளைக் கூப்பிட்டுக் காகிதத்தைக் கையில் கொடுத்தார். ஓவிய வகுப்பு பொதுமக்கள் பங்களிப்புடன் தடையின்றி நடைபெறுவதால் ஆசிரியர் பணியிடம் நீக்கப்படுகிறது. ஆதாரம், இணைப்பில் உள்ள பதிவேட்டு நகல். திருப்பிப் பார்த்தால் பக்கம் பக்கமாக அவள் கையெழுத்து.

"நான்தாம்மா அனுப்பினேன். பெத்தவங்களுக்கு எவ்வளவு அக்கறைன்னு பாத்தா ஆள் போடுவாங்கன்னு நெனச்சேன்" என்றார் தலைமை ஆசிரியை.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கையேந்தி நின்று ஏமாறவில்லை, கை கொடுக்கப் போய் ஏமாந்திருக்கிறாள். "நம்ம செலவுலயே நமக்குச் சூனியம் வெச்சுக்கிட்டோம் டீச்சர். இனிமே நான் வரமாட்டேன்" என்றாள்.

"பாவம்க்கா பிள்ளைங்க" என்று கூட வந்திருந்த எலக்ட்ரீஷியன் இழுத்தார்.

"பாவம் பாவம்னு நாம ஓட்டையை அடைச்சுக்கிட்டே இருந்தா, ஓட்டையே இல்லைன்னு அந்த ஆபீஸ்காரன் எழுதிட்டுப் போறான். நீங்களும் நிறுத்துங்க."

அவர் அரைமனதாக நிறுத்தினார். மகளிடம்தான் அவள் பாச்சா பலிக்கவில்லை. "உனக்குக் கோவம்னா நீ சண்டை போடு. என் வகுப்பை ஏன் புடுங்கறே?" என்று கேட்டவள், அதோடு அம்மாவிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள். மூன்று வாரம் அந்த வீட்டில் தையல் மிஷின் மட்டும்தான் வாய் திறந்தது.

நான்காவது புதன்கிழமை கல்வி அதிகாரி பள்ளிக்கு வந்தார். இந்தப் பள்ளியை முன்மாதிரி என்று மற்ற பள்ளிகளுக்குக் காட்டப் போகிறார்களாம். கூடவே ஒரு புகைப்படக்காரர், தட்டில் ஒரு சால்வை. சால்வை அவளுக்காம். தலைமை ஆசிரியை சொல்லி அனுப்ப, கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே வந்தாள்.

"வகுப்பை ஆரம்பிங்கம்மா, போட்டோ எடுக்கணும்" என்றார் அதிகாரி.

"ஓவிய டீச்சர் இல்ல சார். வகுப்பு மூணு வாரமா நடக்கல. அதை எழுதிக்குங்க."

"உங்க பிடிவாதத்துக்குப் பிள்ளைங்களைப் பலி குடுக்கறீங்களே, நியாயமா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பிவிட்டார். கொண்டுவந்திருந்த புதுக் கலர் பெட்டி ஒன்றைப் பிரித்தார். "இங்க யார் நல்லா வரைவாங்க?" என்று கேட்டார். வகுப்பே அவள் மகளைப் பார்த்தது. பெட்டி அந்தப் பெண் முன்னால் போய் உட்கார்ந்தது. அவ்வளவு நிறங்களை அவள் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

"வரைம்மா. ஒரே ஒரு வீடு. பெட்டி உனக்குத்தான்."

மகள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் மேசைக்கு அடியில் கொண்டுபோய்த் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்கு வீடு வரைய வராது சார். யாரும் சொல்லித் தரல."

புகைப்படக்காரர் கேமராவைத் தாழ்த்தினார். 'வகுப்பு நடைபெறவில்லை' என்று அதிகாரி கடுப்போடு எழுதிக்கொண்டு போனார். ஆசிரியர் பணியிடக் கோப்பை இனி மறுபடி திறந்தே ஆகவேண்டும். எலக்ட்ரீஷியன் வந்து, "ஜெயிச்சுட்டோம்க்கா, உங்க பொண்ணு உங்களையே மிஞ்சிட்டா" என்றார்.

அவளுக்குப் பெருமையாக இல்லை. மகள் இன்னும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய்க் குனிந்து அந்தக் கைகளை வெளியே எடுத்தாள். பெஞ்சுப் பலகையின் வரி விரல்களில் சிவப்பாகப் பதிந்திருந்தது. வரையத் தெரிந்த பிள்ளை வரைவதற்காகத் தன் கையைத் தானே கட்டிப்போட வேண்டியிருக்கிறது. அந்த விரல்களைத் தேய்த்துவிடும்போது வந்த கோபத்தை எந்த அதிகாரி மேல் கொட்டினாலும் தீராது என்று அவளுக்குத் தோன்றியது.