என் ஜன்னலுக்கு மட்டும் ஒரு பச்சை வலை

ஒரு நாள் காலை சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே பச்சை வலை கட்டியிருந்தது. பக்கத்து மனையில் பழைய பங்களாவை இடித்துவிட்டு டவர் கட்டப் போகிறார்கள். இடிக்க ஆரம்பித்த நாள் முதல் எங்கள் கட்டடம் முழுக்கத் தூசிதான். எல்லா வீட்டுக்கும் தூசி, வலை மட்டும் என் வீட்டுக்கு. முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அடுப்புத் திட்டைத் துடைத்துவிட்டுத் துணியைப் பார்த்தேன், அழுக்கே இல்லை. டீ போட்டுக் குடித்து முடித்த பிறகுதான் நெஞ்சில் சுருக்கென்றது. கேட்காமல் நல்லது செய்கிற பில்டர் இந்த ஊரில் எவன் இருக்கிறான்?

எனக்கே அப்படித் தோன்றியதென்றால் மற்றவர்களுக்குத் தோன்றாமலா இருக்கும்? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

எங்கள் கட்டடம் மும்பை செம்பூரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது, எல்லா வீட்டிலும் தமிழர்கள். பாதிப் பேர் மாட்டுங்காவிலிருந்து வந்தவர்கள், பேங்கிலும் ரயில்வேயிலும் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள். மீதிப் பேர் எங்களைப் போலத் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். நான் பிறந்து வளர்ந்தது தாராவி. என் கணவரின் தோல் பட்டறை இன்றைக்கும் அங்கேதான் ஓடுகிறது. வெல்டிங் வேலைக்காரர்கள் போடுகிற தோல் கிளவுஸ் தைத்து மொத்தக் கடைகளுக்கும் ஏற்றுமதிக்காரர்களுக்கும் கொடுக்கிறார். முதல் மாடியில் இந்த வீட்டை வாங்கி வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனாலும் தண்ணீர் மோட்டார் சண்டை வந்தால் நான் தாராவிக்காரிதான். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. சொல்கிறவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு சொல்கிறார்களே, அதுதான் எரிச்சல்.

வரப்போகிற டவரில் கார் நிறுத்துவதற்கு மட்டும் ஏழு மாடி. அந்த ஏழு மாடியும் எங்கள் கட்டடத்தின் ஒரு பக்கத்தை ஒட்டி எழும்புமாம். அந்தப் பக்கத்தில்தான் என் சமையலறையும் நாங்கள் படுக்கிற அறையும் இருக்கின்றன. முன்னறைக்கு ஒரு ஜன்னல் உண்டு, அது மாடிப்படியைப் பார்க்கும். ஆக, டவர் எழும்பினால் எனக்கு வெளிச்சமும் போச்சு, காற்றும் போச்சு. சோறு வடிக்கும்போது கார்ப் புகையைச் சுவாசித்துக்கொண்டு வடிக்க வேண்டியதுதான்.

மாநகராட்சி வார்டு ஆபீசில் ஒரு நாள் எங்கள் ஆட்சேபத்தைக் கேட்பதாகச் சொல்லியிருந்தார்கள். கட்டடத்தின் சார்பில் இரண்டு பேர் பேசலாம். சட்டம், அளவு எல்லாவற்றையும் கட்டடச் சங்கத்தின் செக்ரட்டரி சார் பேசுவது என்றும், வீட்டுக் கஷ்டத்தை நான் பேசுவது என்றும் முடிவானது. அதைச் சொன்னவரே செக்ரட்டரி சார்தான். பேங்கில் மேனேஜராக இருந்தவர், நல்ல மனுஷர், கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அவர் மனைவியை நாங்கள் எல்லோரும் மாமி என்போம். மாமிக்கும் எனக்கும் ஒரே மாடி. அவர் வீட்டுக் கொழுக்கட்டை என் வீட்டுக்கு வரும், என் வீட்டுப் பெருநாள் வட்டிலப்பத்தில் முட்டை இருக்கிறதென்று அவர் தொடமாட்டார் என்பதால் பேரீச்சம்பழம் அங்கே போகும். நான் பேசுவதென்று முடிவானதும் மாமிதான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நன்னா அழுத்தமாச் சொல்லு. உன் வாய்க்கு முன்னாடி எந்த ஆபீசர் நிப்பான்?"

எங்கள் கூட்டம் கீழே ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில் நடக்கும். பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொள்வோம். அந்த இடத்துக்கும் பில்டரின் மனைக்கும் நடுவில் ஒரு தகர வேலி மட்டும்தான். வேலிக்கு அந்தப் பக்கம் சைட் சூப்பர்வைசர் மஞ்சள் தொப்பியோடு நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். பீகார்க்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும். அவனைப் பார்த்து யாராவது தயங்கினால் செக்ரட்டரி சார் சிரிப்பார். தமிழில்தானே பேசுகிறோம், அவனுக்கு என்ன தெரியப்போகிறது என்பார்.

மும்பைத் தமிழர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம் இது. டாக்ஸியில் உட்கார்ந்து டிரைவரையே திட்டுவோம். சேலைக் கடையில் கடைக்காரன் மூஞ்சிக்கு நேராகவே, எவ்வளவு வரைக்கும் இறங்குவான் என்று பேசி முடிப்போம். லிஃப்டில் பக்கத்தில் நிற்கிறவளின் தலைமுடியைப் பற்றி அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேசுவோம். தமிழில் பேசினால் கதவைச் சாத்திக்கொண்டு பேசிய மாதிரி ஒரு நினைப்பு. நானும் அப்படித்தான்.

முதல் சந்தேகம் லாரியில் வந்தது. சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு சைட் லாரிகள் நிற்கும், தீப்பிடித்தால் ஃபயர் இன்ஜின் உள்ளே வர முடியாது. சனிக்கிழமை காலை எல்லோரும் சேர்ந்து அதைப் படமெடுப்பது என்று கூட்டத்தில் பேசினோம். சனிக்கிழமை போய்ப் பார்த்தால் சந்தில் ஒரு சைக்கிள்கூட இல்லை, பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறார்கள். அடுத்தது மரம். மூலையில் இருந்த பெரிய தூங்குமூஞ்சி மரத்தை வெட்டப்போகிறோம் என்ற நோட்டீசை யார் கண்ணிலும் படாமல் சுவர்ப் பக்கமாக ஒட்டியிருந்தார்கள். ஆபீசரைக் கூட்டிவந்து இந்தத் திருட்டுத்தனத்தைக் காட்டுவோம் என்று பேசினோம். மறுநாள் காலை நோட்டீஸ் முன்பக்கத்தில் பளிச்சென்று ஒட்டியிருந்தது.

நம்மில் யாரோ போட்டுக்கொடுக்கிறார்கள் என்றார் மூன்றாம் மாடிக்காரர். அவர் மளிகைக்கடை வைத்திருக்கிறவர், எங்கள் பக்கத்து ஆள்தான். அன்றிலிருந்து கட்டடத்தில் யாரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. யார் வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வருகிறது, யார் மகன் பில்டர் ஆபீஸ் இருக்கிற தெருவில் போகிறான் என்று எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். நானும் பார்த்தேன். இரண்டாம் மாடியில் ஒருவர் திடீரென்று பெயின்ட் அடித்தார், காசு ஏது என்று நானே என் கணவரிடம் கேட்டேன்.

அந்த நேரத்தில்தான் என் ஜன்னலுக்கு வலை வந்தது.

அதற்கு மேல், நானே என் வாயால் ஒன்றைச் சொல்லி வைத்திருந்தேன். சைட்டில் வெல்டிங் செய்கிற ஒருவன் போட்டிருந்த கிளவுஸின் தையலைப் பார்த்ததும், இது எங்கள் பட்டறைச் சரக்கு என்று மாமியிடம் பெருமையாகச் சொன்னேன். நாங்கள் கடைக்குப் போடுகிறோம், கடைக்காரன் யார் யாருக்கோ விற்கிறான். பில்டர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. ஆனால் வலை வந்த பிறகு அந்தப் பேச்சுக்கே வேறு அர்த்தம் வந்துவிட்டது. மூன்றாம் மாடிக்காரர் படியில் என்னைக் கடந்து போகும்போது, "ஆடு பகை, குட்டி உறவு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அவரைச் சும்மா விட்டேனா? உங்கள் கடைப் பருப்பில் எத்தனை கல் கிடக்கிறது என்று முதலில் பாருங்கள் என்றேன். அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றார் என் கணவர். எனக்கு மனசு ஆறவில்லை.

யார் அந்த வலையைக் கட்டச் சொன்னது? அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. சமையலறையில் நின்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். வலை கட்டுவதற்கு முதல் நாள் வடகத்தின் மேல் சிமென்ட் தூசி படிந்துவிட்டதென்று, கீழே நின்ற சூப்பர்வைசரைப் பார்த்து வழக்கம்போலக் கத்தினேன். தினமும் கத்துவேன். அவனுக்கு எங்கே புரியப்போகிறது என்ற தைரியம். அன்றைக்குக் கத்தியது இது: "மண்ணள்ளி என் சோத்துல போடுதியே, நீ நல்லா இருப்பியால? இங்கன ஒரு வலையக் கட்டுனா உங்க முதலாளி குடியா முழுகிப் போவும்?"

அவன் அப்போது முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் வலை.

அப்படியென்றால் இவனுக்குத் தமிழ் புரிகிறது போலிருக்கிறது. இருந்தாலும் உறுதியாகத் தெரிய வேண்டாமா? அன்று மதியம் பங்களாவை இடிக்கக் கட்டிய சாரத்தில் ஒரு செங்கல் கூடை கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. உண்மையாகவே முடிச்சு நழுவிக்கொண்டிருந்தது. கீழே அவன் நின்றான். நான் கத்தவில்லை, பக்கத்தில் இருக்கிற ஆளிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னேன், கயிறு அவிழ்கிறது, தலையில் விழப்போகிறது என்று. அவன் நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை, ஒரே எட்டில் விலகினான். பிறகுதான் மேலே பார்த்தான், கூடையை இல்லை, என்னை.

நான் படியிறங்கி வேலியருகே போனேன். உனக்குத் தமிழ் தெரியுமா என்று கேட்டதற்கு, தரையைப் பார்த்துக்கொண்டே கோயம்புத்தூர்த் தமிழில் பதில் சொன்னான்.

"கோயம்புத்தூர் சைட்டுல ரொம்ப வருசம் இருந்தனுங்க அக்கா. நீங்க திட்டறதெல்லாம் புரியுமுங்க."

நான் திட்டிய திட்டெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. பிறகு கேட்டேன், எங்கள் கூட்டத்தில் பேசுவதையும் கேட்கிறாயா என்று. கேட்கிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீங்கள் சத்தமாகப் பேசுகிறீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான். வலையை இரக்கப்பட்டுக் கட்டினானா, என் வாயை அடைக்கக் கட்டினானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். நம்மில் யாரும் போட்டுக்கொடுக்கவில்லை, அவனுக்குத் தமிழ் தெரியும், இனி மேலே யார் வீட்டிலாவது உட்கார்ந்து பேசுவோம் என்றேன். எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் மாடிக்காரர் என்னிடம் கேட்டார்.

"அவனுக்குத் தமிழ் தெரியும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேசுனேன்."

"எத்தன நாளா பேசுதிய?"

யா அல்லா, எதைச் சொல்லி எதில் மாட்டிக்கொண்டேன் பாருங்கள். செக்ரட்டரி சார் எழுந்து வேலியருகே போனார். அவனைக் கூப்பிட்டு, தம்பி உனக்குத் தமிழ் தெரியுமா என்று தமிழிலேயே கேட்டார். அவன் மஞ்சள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரியாதையாக நின்றான். "க்யா சாப்?" என்று ஹிந்தியில் கேட்டான், ஒன்றும் புரியாதவன் போல.

அவன் வேலைக்காரன், அவனுக்கு அவன் பிழைப்பு. அது இப்போது புரிகிறது. அன்றைக்கு அந்தத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போய் அவன் சட்டையைப் பிடிக்கலாம் போல இருந்தது. செக்ரட்டரி சார் திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தார். கூட்டத்தை மாமி வீட்டுக்கு மாற்றலாம் என்று மட்டும் சொன்னார்.

மாமி வீட்டில் எனக்கும் காபி வந்தது. டம்ளரை என் கையில் கொடுத்துக்கொண்டே, சிரித்த முகத்தோடு, மாமி தன் கணவரிடம் ஆங்கிலத்தில் பேசினார். இவள் எதிரில் எதுவும் வேண்டாம். புதன்கிழமை காலையில் வார்டு ஆபீசுக்கு நாம் போய்ப் பேசிவிட்டு வந்துவிடலாம். மதியம்தான் என்று இவளிடம் சொல்லி வைத்துவிடுங்கள். பாவம், நல்லவள்தான், ஆனால் அந்த மாதிரி இடத்திலிருந்து வந்தவர்களை எதற்கும் நம்ப முடியாது.

பட்டறையில் சரக்கு எடுக்கிற ஏற்றுமதிக்காரர்களோடு ஆங்கிலத்தில் போனில் பேசுகிறவள் நான். என் கணவருக்கு ஹிந்தியோடு சரி. மாமியும் நானும் எப்போதும் தமிழில்தான் பேசினோம், அதனால் அவருக்கு அது தெரிய வேண்டிய சந்தர்ப்பமே வரவில்லை. காபி நன்றாகத்தான் இருந்தது, முழுவதையும் குடித்தேன். புதன்கிழமை மதியம் வந்துவிடும்மா என்று செக்ரட்டரி சார் தமிழில் சொன்னார். சரி சார் என்றேன். என் முகத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்து அழுதேன். பேசாமல் விட்டுவிடு, எவனோ டவர் கட்டிக்கொண்டு போகிறான் என்றார் என் கணவர். எவனோ கட்டுகிறான், மூடுவது என் ஜன்னலை அல்லவா என்றேன்.

புதன்கிழமை காலை வார்டு ஆபீசில் அவர்களுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டேன். படியேறி வந்த மாமி என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். செக்ரட்டரி சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். உட்கார வேறு இடமில்லாமல் மாமி என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். எங்களுக்குப் பின் பெஞ்சில் பில்டரின் ஆட்கள், அந்தச் சூப்பர்வைசரும் இருந்தான், தொப்பி இல்லாமல்.

பில்டரின் வக்கீல் வரைபடத்தை விரித்து ஆங்கிலத்தில் சொன்னார், அந்தப் பக்கம் எங்கள் கட்டடத்தில் இருப்பது வெறும் சுவர்தான், ஒட்டிக் கட்டலாம் என்று. செக்ரட்டரி சார் எழுந்து விதி, எண் என்று தேடித் தடுமாறினார். நான் எழுந்தேன். ஆங்கிலத்திலேயே சொன்னேன், அது சுவர் இல்லை, என் சமையலறை, அதற்கு அடுத்தது நாங்கள் தூங்குகிற அறை, இரண்டுக்கும் ஜன்னல் இருக்கிறது, உங்கள் ஆட்களே வலை கட்டியிருக்கிறார்கள், சுவருக்கு யாராவது வலை கட்டுவார்களா? போனில் இருந்த படத்தை ஆபீசரிடம் காட்டினேன். அவர் வக்கீலைப் பார்த்தார், ஜன்னல்களைக் குறித்து வேறு வரைபடம் கொண்டுவரச் சொல்லி, அதுவரை ஒன்றும் முடிவில்லை என்று எழுதினார்.

நான் உட்கார்ந்தேன். மாமி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் தமிழில் கேட்டார்.

"அன்னிக்கு ஆத்துல நான் சொன்னது... எல்லாமே உனக்குப் புரிஞ்சுதா?"

"மெதுவாப் பேசுங்க மாமி," என்றேன். "பின்னால இருக்கவனுக்குத் தமிழ் தெரியும்."

மாமி திரும்பிப் பார்த்தார். அவன் அதற்குள் தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்க்க ஆரம்பித்திருந்தான்.