மாப்பிள்ளை வீட்டில் கழன்ற பல்

மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க ஓடைப்பட்டி போயிருந்தோம். பையனை அவளுக்குப் பிடித்திருந்தது, எங்களுக்கும்தான். சம்மதம் என்றால் அந்த வீட்டில் இலையில் உட்கார்ந்து கை நனைப்போம். இல்லையென்றால் காபியோடு கிளம்பிவிடுவது வழக்கம்.

காபியோடு கடலை மிட்டாயும் வந்தது. என் முன்பல்லுக்குத் தேனியில் போட்ட கேப், உலோகத்தின் மேல் பீங்கான் வைத்தது. கெட்டியானதைக் கடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும் கடித்தேன். கேப் கழன்று நாக்கில் விழுந்தது. வாயைத் திறந்தால் உள்ளே ராவிய குச்சிப் பல் தெரியும். இறுக மூடிக்கொண்டேன்.

"இலை போட்டாச்சு, எந்திரிச்சு வாங்க" என்றார் பையனின் அப்பா. வேண்டாமெனத் தலையாட்டினேன். மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் தலையாட்டினேன்.

"பிடிக்கலைன்னா வாயத் தொறந்து சொல்லலாம்ல?" என்றார் அவர்.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. என்னால் பேசவும் முடியவில்லை, எழுந்து ஓடவும் முடியவில்லை.

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்த பையனின் அம்மா, "செத்த சும்மா இருங்க. அண்ணனுக்குப் பல்லு கழண்டுருச்சு போல" என்று கணவரை அடக்கிவிட்டுக் கிண்ணத்தை நீட்டினார். "துப்புங்கண்ணே. எனக்கும் ஒரு பந்தியில இப்படித்தான் விழுந்துச்சு. இவுகதான் இலை இலையாத் தேடுனாக."

துப்பினேன். "சம்மதம்" என்றேன். சத்தத்தைவிடக் காற்றுதான் அதிகம் வந்தது.

மகளையே கொடுக்க நினைத்த வீட்டில் ஒரு பல்லைக் காட்டப் பயந்திருக்கிறேன். அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன், கடைவாயால் மென்று.