ரைஸிலிருந்து சர்ஜ் வரை

ஈரப் பாவாடையின் மேல் இஸ்திரிப் பெட்டி ஓடும்போது எழுகிற வாசனையில் பாதி ஆவியும் பாதி கருகலும் இருக்கும். தென்காசியில் நான் படித்த நாட்கள் இன்றும் அந்த வாசனையோடுதான் நினைவுக்கு வருகின்றன. குற்றாலத்தில் 'சீசன்' தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டுக் கொடியில் எந்தத் துணியும் காயாது. ஆனால் நான் எட்டாம் வகுப்புப் படித்த ஆண்டில், என் பாவாடையைக் காயவைக்க அம்மா பட்ட பாட்டைவிட, அதன் ஓர மடிப்பைப் பிரித்துப் பிரித்து நீளமாக்கப் பட்ட பாடுதான் பெரிது. நான் திடீரென்று வளரத் தொடங்கியிருந்தேன்.

அதுவரை வகுப்பிலேயே குள்ளச்சி நான்தான். எங்களுக்கு இங்கிலீஷ் எடுத்த ஸ்டெல்லா டீச்சர், தை மாதம் நடக்கப்போகும் ஆண்டு விழாவுக்கு ஆனி மாதமே ஒத்திகை தொடங்கிவிடுகிறவர். கூடுவது, பெருகுவது என்கிற ஒரே பொருளுக்கு இங்கிலீஷில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்பதை ஊருக்குக் காட்டிவிட வேண்டும் என்று அந்த ஆண்டு அவர் முடிவு செய்தார். மலையில் மழை பெய்து அருவியில் தண்ணீர் ஏறுவதுதான் நிகழ்ச்சி. ஆறு பெண்கள் உயர வரிசையில் நிற்க வேண்டும். ஆளுக்கொரு அட்டை, அட்டைக்கொரு சொல், சொல்லுக்கு ஒரு வரி வசனம். குள்ளமானவளிடம் 'ரைஸ்' என்று தொடங்கி, 'க்ரோத்', 'பில்டப்', 'ஸ்பர்ட்', 'சர்ஜ்' என்று ஏறிப்போய், கடைசியில் நிற்கும் நெட்டச்சி 'பூம்' என்று முடிப்பாள்.

எனக்குக் கிடைத்தது 'ரைஸ்'. என் அப்பா கூலக்கடை பஜாரில் அரிசிக்கடை வைத்திருந்ததால் வகுப்பு அன்று முழுக்கச் சிரித்தது. வீட்டில் வந்து சொன்னபோது அப்பா மட்டும் சிரிக்கவில்லை. என்ன ரகம் என்று கேட்டார்.

ஆவணி வாக்கில் 'க்ரோத்' அட்டை வைத்திருந்தவளின் காதுக்கு நேரே இருந்த என் தலை, அவள் உச்சியைத் தாண்டிவிட்டது. டீச்சர் எங்களை முதுகோடு முதுகு நிற்கவைத்து, தலைமேல் அடிக்குச்சியை வைத்துப் பார்த்துவிட்டு, எங்கள் அட்டைகளை மாற்றிக் கொடுத்தார். அடுத்து 'பில்டப்' வந்தது. எங்கள் ஊரில் 'பில்டப்' என்றால் வெட்டிப் பெருமை பேசுவது. இங்கிலீஷில் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வருவது என்று டீச்சர் எவ்வளவோ விளக்கியும் யாரும் நம்பாமல், அந்த அட்டையை எல்லாரும் தீண்டத் தயங்கினார்கள். எனக்கு அதைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்கவில்லை. வசனத்தை மனப்பாடம் செய்து முடிப்பதற்குள் 'ஸ்பர்ட்'டுக்குப் போய்விட்டேன். நான் ஒரு படி ஏறினால் ஒருத்தி ஒரு படி இறங்க வேண்டும். அவளும் புது வரியை மனப்பாடம் செய்ய வேண்டும். ஆகவே வகுப்பில் என்னோடு பேசுகிறவர்கள் மாதத்துக்கு ஒருவராகக் குறைந்துகொண்டே வந்தார்கள்.

இலத்தூரிலிருந்து தீபாவளிக்கு வந்த அத்தை என்னை வாசலில் பார்த்துவிட்டு உள்ளே வராமலே நின்றாள்.

"இவ வளருதாளா, இல்ல யாரும் பிடிச்சு இழுக்குதாங்களா?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

கார்த்திகையில் 'சர்ஜ்' அட்டையும் என் கைக்கு வந்தது. இனி மிச்சம் இருந்தது 'பூம்' அட்டை வைத்திருந்த கோமதி மட்டும்தான்.

கோமதி புளியறையிலிருந்து பஸ்ஸில் வந்து படித்தவள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எந்தப் பாடத்திலும் பேர் வாங்காமல், உயரம் ஒன்றினாலேயே பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்தவள். அவள் அப்பா அங்கே கேரள எல்லைச் செக்போஸ்ட் பக்கத்தில் புரோட்டாக் கடை நடத்தினார். விழாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அவள் என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தனியாகக் கூப்பிட்டாள். என் தலையையும் தன் தலையையும் கையால் அளந்து பார்த்தாள். கை சாயவில்லை; மட்டமாக நின்றது.

"எங்கப்பா சாப்பிட வாற லாரிக்காரங்க எல்லார்ட்டயும் சொல்லிட்டாரு, எம்மவதான் கடைசில நின்னு முடிச்சு வைக்கான்னு. அன்னைக்குக் கடைய அடைச்சிட்டு வருதாரு," என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ இனும வளராத, என்ன?" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். வளராமல் இருப்பது எப்படி என்றுதான் தெரியவில்லை. பால் குடிப்பதை நிறுத்தினேன். சுருண்டு படுத்துத் தூங்கினேன். பால் குடிக்காததற்கு ஈடாக அம்மா இரண்டு இட்லி கூடுதலாக வைத்தாள். கடைசி ஒத்திகையில் டீச்சர் எங்களை முதுகோடு முதுகு நிறுத்தியபோது, நான் பாவாடைக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டேன். அடிக்குச்சி கோமதி பக்கம் உயர்ந்து நின்றது. அவள் என் விரலைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

விழா அன்று எங்களுக்குத் தண்ணீர் நிறத்தில் தரை தொடும் பாவாடை. முழங்காலை மடக்கினால் வெளியே தெரியாது என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் திரை விலகியதும், சிறப்பு விருந்தினர் வந்துகொண்டிருப்பதாகச் சொல்லி எங்களை அப்படியே நிற்கவைத்துவிட்டார்கள். அவர் வந்து, மாலை வாங்கி, உட்கார்ந்து, ரைஸ் தொடங்கி, ஒவ்வொருத்தியாகச் சொல்லி முடித்து என் முறை வருவதற்குள் என் தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் ஒரேயடியாக எழும்பி வருவதுதான் சர்ஜ் என்பது என் வசனம். 'சர்ஜ்' என்று நான் வாய் திறந்த நொடியில் கெண்டைக்கால் நரம்பு இழுத்துக்கொள்ள, வலி தாங்காமல் விறைத்து நிமிர்ந்துவிட்டேன். கோமதியைத் தாண்டி என் தலை மேலே போனதை முழு மண்டபமும் பார்த்தது.

கைதட்டல் ஓயவில்லை. சொல்லின் பொருளை உடம்பாலேயே காட்டவைத்த ஆசிரியையை விருந்தினர் தம் பேச்சில் தனியாகப் பாராட்டினார். ஸ்டெல்லா டீச்சர் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

எனக்குக் கோமதியைத் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. கைதட்டல் அடங்கும்வரை அவள் காத்திருந்து, மைக் கிறீச்சிடும்படி 'பூம்' என்று ஒரு கத்துக் கத்தினாள். முன்வரிசையில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது. பின்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எழுந்து நின்று, தலைக்கு மேல் கைகளைத் தூக்கித் தட்டினார். மகள் எத்தனை விரல்கடை குறைந்தாள் என்பதெல்லாம் அவர் கண்ணில் படவே இல்லை.

அந்தத் தை மாதத்தோடு என் வளர்ச்சி நின்றுவிட்டது. எனக்குக் கீழே நின்றவர்கள் அடுத்த இரண்டு ஆண்டுகளில் சாவகாசமாக என்னைத் தாண்டிப் போனார்கள். அந்த மண்டபத்தை இடித்துவிட்டார்கள். மேடை இருந்த இடத்தில் பள்ளி வேன்கள் நிற்கின்றன. ஸ்டெல்லா டீச்சரும் இப்போது இல்லை.

சென்ற சீசனுக்குப் போனபோது புளியறையில் கோமதியின் கடையில் சாப்பிட்டேன். கல்லாவில் அவள்தான் இருந்தாள். விழா முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது அவள் அப்பா, பூம் என்றால் என்ன என்று கேட்டாராம். கூட்டம் குபுகுபுவென்று சேருவது என்று இவள் சொல்லியிருக்கிறாள். மறுநாளிலிருந்து, செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டினால், அவர் வாசலில் நின்றபடி அடுக்களையைப் பார்த்து, "கோமதி, பூம்" என்று குரல் கொடுப்பாராம். உள்ளே இன்னொரு தட்டு மாவு பிசைவார்களாம். கடைசிவரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார் என்றாள்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் வெளியே லாரிகள் வந்து நின்றன. கோமதி அடுக்களைப் பக்கம் திரும்பி, "ஆளு வருது, மாவு போடுங்க," என்று மட்டும் சொன்னாள்.