நாற்பத்து நான்காவது பெயர்

சித்தூர் பக்கம் வெதுருகுப்பத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் அந்தத் தெருவில் வீடுகள் நாற்பத்து நான்கு. வீட்டுக்குள் பேசுவது தமிழ், ஆபீசில் நீட்டும் காகிதமெல்லாம் தெலுங்கு. பென்ஷனோ ரேஷனோ, மனு என்று வந்துவிட்டால் தெலுங்கில் பத்தாவது வரை படித்த பத்மினி வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கணவர் தவறிப்போன பிறகு அவள் மாங்கூழ் ஃபேக்டரியில் கூலி வேலை பார்த்தாள். ஷிப்டு முடிந்து வந்து, மாங்காய்ப் பால் பட்டுப் புண்ணான விரல்களால் ஊருக்கு எழுதிக் கொடுத்தாள். அதற்காக ஒரு டீ கூட யாரிடமும் வாங்கிக் குடித்ததில்லை.

எழுதுவதிலும் அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கங்கம்மா ஜாத்திரைக்கு நோட்டீஸ் அடித்தால், எல்லா வீட்டுப் பெயரும் வீட்டு வரிசைப்படி வந்தாக வேண்டும். ஒரு வருடம் ஆதிநாராயணன் பெயர் விட்டுப்போய், மனிதர் மூன்று ஜாத்திரைக்கு முறுக்கிக்கொண்டு தனியாகக் கூழ் ஊற்றினார். எழுதுகிறவர் மட்டும் தன் வீட்டுப் பெயரைப் போடுவதில்லை. போட்டால், தன்னைத் தானே முன்னால் தள்ளிக்கொண்டார் என்று பேச்சு வரும்.

கையகல மண்கூடச் சொந்தமில்லாத அந்தக் குடும்பங்களுக்கு இருபது வருடத்துக்கு முன் அரசாங்கம் ஏரிக்கு மேலே ஆளுக்கு ஒன்றரை ஏக்கர் கொடுத்தது. கல் பொறுக்கி, குடத்தில் தண்ணீர் சுமந்து மாமரம் வளர்த்தார்கள். மரங்கள் நன்றாகக் காய்க்கத் தொடங்கிய பிறகுதான் அங்கே தொழிற்பேட்டை கட்டலாமே என்று அரசாங்கத்துக்கு யோசனை வந்தது. நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக நோட்டீஸ் ஒட்டினார்கள்.

தெருப் பெரியவர் நாகபூஷணம், தாசில்தார் உட்காரும் மண்டல ஆபீஸ் முன்னால் பந்தல் போட்டு ஒரு நாள் உட்காரலாம் என்றார். அடிதடி வேண்டாம், சட்டப்படி அனுமதி வாங்கியே உட்காருவோம் என்றும் சொன்னார். அனுமதிக்குப் போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுக்க வேண்டும். எதற்காக, எத்தனை மணிக்கு, மைக் உண்டா, பொறுப்பாளர்கள் யார் என்று மனுப் படிவத்தில் கேட்டிருந்தார்கள்.

இரண்டு பெயர் எழுதியிருந்தால் போதும். ஆனால் யார் பெயரை விடுவது? பத்மினிக்கு ஆதிநாராயணனின் தனிக் கூழ் ஞாபகம் வந்தது. வீட்டு வரிசைப்படி நாற்பத்து மூன்று பெயரையும் கதவு எண், செல் நம்பரோடு முத்து முத்தாக எழுதினாள். வழக்கப்படி தன் பெயரை விட்டாள்.

மனுவை வாங்கிய ஏ.எஸ்.ஐ. அதை இரண்டு முறை படித்தார்.

"பேரெல்லாம் பக்காவா எய்திக்கினு வந்துகீறியேம்மா. ரொம்ப சந்தோஷம்," என்றார்.

அவர் சிரித்தது பத்மினிக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நாகபூஷணத்தோடு திரும்பி வந்துவிட்டாள்.

அனுமதி வரவில்லை. நான்காம் நாள் காலை ஜீப்தான் வந்தது. போலீஸ் சட்டம் முப்பதாவது செக்‌ஷன் அமலில் இருக்கிறது, ஐந்து பேர் சேர்ந்து நின்றாலே கும்பல் என்று ஏ.எஸ்.ஐ. தெரு நடுவில் நின்று சொன்னார். பிறகு முதல் மூன்று வீட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு போனார். பைண்ட் ஓவர் என்று அதற்குப் பெயர். தாசில்தார் முன் நிறுத்தி, ஒரு வருடத்துக்கு எந்தத் தகராறுக்கும் போக மாட்டேன், போனால் ஒரு லட்சம் கட்டுகிறேன் என்று எழுதி வாங்குவார்கள். எந்த ஆபீசை எதிர்த்து உட்கார நினைத்தார்களோ, அந்த ஆபீசிலேயே தலைகுனிந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள்.

மறுநாள் அடுத்த மூன்று வீடு. அதற்கு மறுநாள் அதற்கடுத்த மூன்று. பத்மினி எழுதிய வரிசை பிசகாமல் ஜீப் வந்தது. தங்கள் முறை என்றைக்கு என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. முறை வரும் நாளில் அடுப்புப் பற்றவைக்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் பத்மினி வாசலுக்கு வந்து பார்த்தாள். தன் கையாலேயே ஊரைக் காட்டிக் கொடுத்துவிட்டோமே என்று துடித்தாள்.

ஜீப் வரத் தொடங்கிய பதினைந்தாம் நாள் கடைசி வீடும் முடிந்தது. அவள் வீட்டுக்கு மட்டும் யாரும் வரவில்லை. அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு சுந்தரம்மா குழாயடியில் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"எல்லார் வூட்டுக்கும் ஜீப்பு வந்துச்சி. உன் வூட்டுக்கு மட்டும் ஏன்டி வரல?"

"எய்தறவங்க பேரு போடற வயக்கம் இல்லியே அத்தை."

"அது ஜாத்திரைக்கு," என்றாள் சுந்தரம்மா.

அதோடு அந்தத் தெரு அவளிடம் பேச்சை நிறுத்தியது. மனு எழுத யாரும் வரவில்லை. அவள் குடத்தோடு போனால் மற்ற குடங்கள் நகர்ந்துகொண்டன. நிலம் போனாலும் கூலிக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம், இந்தத் தெருவில் துரோகி என்ற பெயரோடு எப்படி இருப்பது என்று தனியாக அழுதாள்.

பத்து நாள் கழித்து, காலை பத்து மணிக்கு சர்வேயர் ஆட்களோடு தோப்புக்கு வந்தார். பின்னாலேயே போலீஸ் ஜீப். நாற்பத்து மூன்று வீட்டுக்காரர்களும் எழுதிக் கொடுத்த காகிதத்துக்குப் பயந்து வாசலோடு நின்றுவிட்டார்கள். பத்மினி வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லார் வாசலையும் தாண்டி நடந்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தோப்பு முகப்பில், சர்வேயர் அளவுச் சங்கிலி போடும் இடத்தில் போய் நின்றாள்.

ஏ.எஸ்.ஐ. கலைந்து போகச் சொன்னார்.

"நான் ஒருத்திதான் சார் நின்னுக்கினு கீறேன். அஞ்சி பேர் நின்னாதான் கும்பல்னு நீங்கதானே சொன்னீங்க."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தைரியமாக இருந்திருக்கும். ஃபைலைத் திறந்து அவள் எழுதிய அந்தக் காகிதத்தையே எடுத்தார். நாற்பத்து மூன்று பெயருக்கும் பக்கத்தில் சிவப்பு டிக் இருந்தது. பேனாவை அவளிடம் நீட்டினார்.

"ஒன்னு விட்டுப்போச்சி. நீயே எய்து. உன் எய்துதான் நல்லா கீது."

பத்மினி பேனாவை வாங்கினாள். மற்றவர்களுக்கு எழுதியது போலவே வரிசை எண், பெயர், கதவு எண், செல் நம்பர் எல்லாம் எழுதினாள். அவள் நிமிர்ந்தபோது சர்வேயரின் ஆள் முதல் மரத்தில் சிவப்புப் பெயின்டால் ஒன்று என்று போட்டுக்கொண்டிருந்தான்.

ஜீப் தெரு வழியாகத் திரும்பியது. சுந்தரம்மா குறுக்கே வந்து கையைக் காட்டி நிறுத்தி, ஜன்னல் வழியாக ஒரு தண்ணீர் பாட்டிலை உள்ளே கொடுத்தாள்.

"எடுத்துக்கினு போடி. அங்க தண்ணி கூட குடுக்க மாட்டானுங்க," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

பத்மினிக்கு அந்த ஒரு பேச்சு போதும் போல இருந்தது. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள். தெருமுனையில் மண்டல ஆபீசுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். நாற்பத்து மூன்று பேரையும் அந்த வழியாகத்தான் கூட்டிப்போனார்கள். ஜீப் திரும்பவில்லை. கோர்ட்டும் ஜெயிலும் இருக்கும் சித்தூருக்குப் போகிற ரோட்டில் ஏறி நேரே போனது.