கேட்குமுன் திறந்த பை

அலுவிகாரையில் எங்களுக்கு ஓ.எல். பரீட்சைக்கு இங்கிலீஷ் படிப்பித்த டியூஷன் சேரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அன்று பலகையில் 'ஸ்டாண்ட் அப் ஃபார் யுவர்செல்ஃப்' என்று எழுதினார். எழும்பி நிற்பது என்று எழுதிவைக்காதீர்கள், மாடுகளா என்றார். யாராவது நம்மேல் பழி போட்டால், ஏறி மிதிக்க வந்தால், பயப்படாமல் நமக்காக நாமே பேசுவதுதான் அர்த்தமாம். ஆளுக்கொரு வசனம் எழுதச் சொன்னார்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே நகைக்கடைக்காரர் மகள் கைக்கடிகாரத்தைக் காணோம் என்று அழத் தொடங்கினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. ஓ.எல். பாஸானால் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைக்கும். இல்லாவிட்டால் அம்மாவைப் போல் கொழுந்து எடுக்கப் பேர் பதிய வேண்டியதுதான்.

சேர் அவள் பக்கம் நடந்தார். ஒன்றுமே கேட்கவில்லை. அவளோ பையை மேசையில் கவிழ்த்து, அடையாள அட்டையை மேலே வைத்து, கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். வகுப்புக்கு வரும் வழியில் ராணுவச் சோதனைச் சாவடியில் நாங்கள் தினமும் செய்வதுதான். ஆமிக்காரன் கேட்குமுன் திறந்துவிட்டால் ஏச்சு குறையும். அதே பஸ்ஸில் வரும் எனக்கு அது விளங்கியது.

"கேக்க முந்தியே காட்டுறா. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்" என்றார் சேர். வகுப்பே சிரித்தது. பையில் கடிகாரம் இல்லை. எங்கேயாவது ஒளித்திருப்பாள் என்றார்.

அது சாவடிப் பழக்கம் சேர் என்று நான் எழும்பினேன்.

"நீ இரு. அவளுக்கு வாய் இல்லையா?"

அவளுக்கு உதடு துடித்ததே தவிர பேச்சு வரவில்லை. பாவி மனுசன், அவளைப் பலகைக்குக் கூப்பிட்டு, 'இவளால் தனக்காகப் பேச முடியவில்லை' என்று இங்கிலீஷில் அவள் கையாலேயே எழுதவைத்தார். நாங்கள் அதைக் கொப்பியில் எழுதினோம்.

அடுத்த வகுப்புக்கு அவள் வரவில்லை. நகைக்கடைக்காரர் மகள் வந்தாள், கடிகாரம் கட்டிக்கொண்டு. குளிக்கும்போது கழற்றிவைத்தது வீட்டிலேயே கிடந்ததாம். துளி வெட்கம் இல்லை.

அந்தப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள் என்று சேரிடம் கெஞ்சினேன்.

"அவளே வந்து கேக்கட்டும். அதத்தானே படிப்பிச்சேன்?"

எனக்குப் பொறுக்கவில்லை. நானே தோட்டத்துக்குப் போனேன். அவள் பேர் பதிந்துவிட்டாள். கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியை அழுத்த, மலையில் நின்றாள். கடிகாரம் அவர்கள் வீட்டிலேயே இருந்ததாம், உன்மேல் பிழையில்லை என்றேன்.

அவள், வேலை வாங்கும் கங்காணி நிற்கும் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சேருக்கு இன்னும் கோவமா?"