என் தொண்டையில் இல்லாத முள்

என் தொண்டையிலிருந்து ஒருத்தி மீன் முள் எடுத்தாள். அதுவரை நான் மீன் சாப்பிட்டதே இல்லை. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்கும் அறிவு எங்கள் சைவ வீட்டில் ஒருவருக்கும் இல்லை.

முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். எட்டாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், எச்சில் விழுங்கியதும் வலது பக்கம் நாக்கின் அடியிலிருந்து காது வரை கரண்ட் அடித்ததுபோல் வலித்தது. சில நொடிகள்தான். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கோபம் என்று நினைத்துப் பிள்ளைகள் அமைதியானார்கள். அந்த வகுப்பு அமைதியாக இருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

பிறகு அது தினமும் வந்தது. விழுங்கினால், பேசினால், கொட்டாவி விட்டால் வந்தது. மூன்று பக்கமும் நெல் விளையும் ஊரில் உட்கார்ந்துகொண்டு சோற்றைப் பார்த்துப் பயந்தேன். ஜாக்கெட்டுகளை இரண்டு முறை பிடித்துத் தைத்தேன். முதல் முட்டாள் நான்தான். பல்வலி என்று நினைத்துக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். வலி போகவில்லை என்றதும் பல் டாக்டர் பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார். மூன்றாவதைக் காட்டுவதற்குள் எனக்குப் புத்தி வந்துவிட்டது.

அடுத்து என் நாத்தனார் வந்தார். என் கணவருக்கு அக்கா. உலகத்தில் அவருக்குத் தெரியாத வைத்தியம் கிடையாது. "தொண்டையில ஏதோ சிக்கியிருக்கு. தொக்கம் எடுத்தா போயிடும்" என்று ஒரு கிராமத்துக்கு அழைத்துப்போனார். அங்கே ஒரு பெண் என் கழுத்தில் சின்னக் குழாயை வைத்து உறிஞ்சி, தண்ணீர் இருந்த தட்டில் துப்பினாள். வெள்ளையாக ஒரு மீன் முள் மிதந்தது.

அந்தப் பக்கம் வருகிறவர்கள் எல்லாரும் மீன் சாப்பிடுகிறவர்கள். அவர்களுக்கு எடுக்கும் முள்ளையே எனக்கும் எடுத்துவிட்டாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் துவரம்பருப்பை எடுத்திருப்பாள். தொழில் சுத்தம் இல்லாதவள்.

நாத்தனார் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மீனா?" என்றார். வீட்டுக்கு வந்ததும் எனக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் தனியாக வைக்கப்பட்டன. என் வலியை எல்லாரும் மறந்துவிட்டார்கள். மீனை யார் கொடுத்தது என்பதுதான் கேள்வியாகிவிட்டது. பதிலும் அவர்களிடமே இருந்தது. என்னோடு மத்தியானம் உட்கார்ந்து சாப்பிடும் அறிவியல் டீச்சர், அதிராம்பட்டினத்துக்காரர். பாவம், என் பக்கத்தில் உட்காரும் நாளில் தன் மீன் டப்பாவைத் தள்ளி வைத்துக்கொண்டு சாப்பிடுகிறவர் அவர்.

அவர்தான் சொன்னார். "டீச்சர், இது தொண்டை இல்ல, நரம்பு மாதிரி தெரியுது. தஞ்சாவூர்ல நரம்பு டாக்டரைப் பாருங்க."

பார்த்தேன். தொண்டைக்குப் போகும் நரம்பில் ஒரு ரத்தக்குழாய் உரசிக்கொண்டிருந்தது. அபூர்வமாக வருவது என்றார் டாக்டர். மாத்திரை கொஞ்ச நாள் கேட்டது. பிறகு தலைசுற்றலைக் கொடுத்துவிட்டு வலியை அப்படியே விட்டுவிட்டது. "காதுக்குப் பின்னால சின்னதா தொறந்து, ரெண்டுக்கும் நடுவுல பஞ்சு மாதிரி ஒண்ணு வெச்சிடலாம்மா. வீட்டுக்காரரை அழைச்சிட்டு வாங்க, கையெழுத்துப் போடணும்" என்றார்.

என் வீட்டுக்காரர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல முள்ளு தெரியலையே" என்றார்.

"ஒரு முள்ளுக்குப் போயி மண்டையத் தொறப்பாங்களா?" என்றார் நாத்தனார்.

கடைசியில் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நான் மீன் தின்றதை ஒப்புக்கொண்டு கோடியக்கரைக் கடலில் முழுக்குப் போட வேண்டும். தோஷம் போய் வலியும் போய்விடும். போகாவிட்டால் என் கணவர் கையெழுத்துப் போடுவார்.

எனக்கு அந்தக் கையெழுத்து வேண்டும். வயிறாரச் சாப்பிட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. "ஆமாங்க, சாப்பிட்டேன்" என்றேன்.

"என்ன மீனு?"

எனக்குத் தெரிந்த ஒரே பெயரைச் சொன்னேன். "வஞ்சிரம்."

கணவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. முப்பது வருஷம் இந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

கோடியக்கரையில் இடுப்பளவுத் தண்ணீரில் முங்கினேன். வாய்க்குள் போன உப்புத்தண்ணீரைத் தெரியாமல் விழுங்கிவிட்டேன். வலி வெட்டியது. கண் இருட்டிக்கொண்டு வந்து அப்படியே தண்ணீருக்குள் சரிந்தேன். கரையிலிருந்து நாத்தனார், "தோஷம் இறங்குது, விடுங்க!" என்று கத்தினார். கணவர்தான் ஓடிவந்து தூக்கினார். அன்றைக்குத்தான் அவர் முதல் முறையாகப் பயந்தார். எனக்காகப் பயந்தாரா, சுற்றி நின்றவர்கள் பார்த்ததற்காகவா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் கையெழுத்துப் போட்டார்.

அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது தலை கனத்தது, வாந்தி வந்தது. குரல் கம்மிப்போயிருந்தது. "ஒரு வாய் தண்ணி குடிங்கம்மா" என்றார் நர்ஸ். டம்ளரை வாங்கினேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விழுங்கினேன்.

ஒன்றும் வரவில்லை. இன்னொரு வாய் குடித்தேன். அழுதேன். அப்படி ஒரு சந்தோஷத்தை என் பிள்ளை பிறந்தபோதுகூட நான் அறிந்ததில்லை.

நாத்தனார் பார்க்க வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, "முள்ள எடுத்துக் காட்டினாங்களா?" என்று கேட்டார். பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சைகை காட்டினேன். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

பள்ளிக்குத் திரும்பிய முதல் நாள், மத்தியானம் அறிவியல் டீச்சர் வழக்கம்போல டப்பாவோடு தள்ளி உட்கார்ந்தார்.

"என்ன மீனு?" என்றேன்.

"வஞ்சிரம்" என்றார் சங்கடத்தோடு.

என் டப்பாவின் மூடியை நீட்டினேன். அவர் பதறிப்போனார். "வேணாம் டீச்சர், வீட்டுல தெரிஞ்சா..."

"வீட்டுல தண்டனையெல்லாம் எப்பவோ குடுத்துட்டாங்க டீச்சர். நீங்க வைங்க."

அவரே முள்ளை நீக்கி ஒரு துண்டு வைத்தார். மென்று விழுங்கினேன். வலிக்கவில்லை. இவ்வளவு அமர்க்களத்துக்கும் மீன் அப்படியொன்றும் ருசியாக இல்லை. ஆனாலும் இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.